கூடை விழும் சத்தம்

முதலில் ஆட்டு ஈரல்.
கறிக்கடையில் ஐம்பது கிராம் கேட்டேன்.
"பூனைக்கா?" என்றார்கள். ஆமாம் என்றேன்.
அரிசி அளவுக்கு நறுக்கி, பார்மலினில் ஊறவிட்டு,
பன்னிரண்டு குவளைகளை வட்டமாக அடுக்கினேன்.
மீன்வேனின் வைப்பர் மோட்டார் சுற்ற
ஒரு சின்னக் கம்பிக் கூடை
ஒவ்வொன்றிலும் முங்கி எழுந்தது.

சதைக்குள் இருக்கும் தண்ணீரை
அவசரப்படுத்தி வெளியேற்ற முடியாது.
எழுபது சதவீதச் சாராயம், பிறகு எண்பது, தொண்ணூற்றைந்து,
கடைசியில் தண்ணீரே கலக்காதது.
அப்புறம் சைலீன். அப்புறம் மெழுகு.
தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு உட்கார்ந்தால்தான்
கத்திக்கு முன்னால் சதை நிமிர்ந்து நிற்கும்.
இதற்கு ராத்திரி முழுக்க ஒரு ஆள் வேண்டும்.
பதினோரு வருஷமாக அந்த ஆள் நான்.

கம்பெனிக் கருவி எட்டு லட்சம்.
கீழக்கரை தர்ம ஆஸ்பத்திரியின் கையிருப்பில்
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கவே இழுபறி.

மோட்டாரை இரவல் தந்தவன் லெப்பைக்கனி.
படகு எஞ்சின் பிரிப்பவன்,
எட்டாம் வகுப்பில் கணக்கை என்னைப் பார்த்து எழுதியவன்.
சாராய ஆவிக்குப் பொறி ஆகாது என்று
சுவரில் ஓட்டை போட்டு மோட்டாரை அந்தப் பக்கம் வைத்தோம்.
மெழுகுக் குவளைகளை ஐஸ்பெட்டிக்குள் இறக்கினோம்.
குளிரைக் காக்கிற பெட்டிக்குச்
சூட்டைக் காக்கத் தெரியாதா என்ன.

ஈரல் நன்றாக வந்தது. நான்கு முறை.
ஐந்தாவது, மனுஷ சதை.

கச்சான் அடித்த ராத்திரி.
இரண்டே காலுக்குக் கரண்ட் போனது.
ஏழாவது குவளைக்கும் எட்டாவதற்கும் நடுவே
கூடை அந்தரத்தில் நின்றது.
நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்,
கனவுகூட இல்லாமல்.

முத்துராக்கு, வயது நாற்பத்தாறு, பெரியபட்டினம்,
இடது மார்பு, ஒரே ஒரு துணுக்கு.
காலையில் விரல் வைத்தேன். நொறுங்கியது.

ஆள் அனுப்பவில்லை. நானே பஸ் ஏறினேன்.
பாசி எடுத்துக் கரையேறிக்கொண்டிருந்தாள்,
விரல்களில் துணி சுற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
மறுபடி ஊசி போட்டு எடுக்கணும் என்றேன்.
"போன தடவை எடுத்ததை என்ன செஞ்சீக?"
காஞ்சுபோச்சு. என் தப்பு.
"கருவாடாக்கிட்டீகளா?"
சிரிக்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை.
அவள் சிரிக்கவில்லை. சாக்கை உதறினாள்.
"அமாவாசைப் பாசி முடியட்டும். அஷ்டமிக்கு வாரேன்."

லெப்பைக்கனி மோட்டாரைக் கழற்ற வந்தான்.
மழைக்கு முன்னால் வேனுக்கு வேண்டுமாம்.
கரண்ட் போனால் பேட்டரி, பேட்டரி போனால் ஜெனரேட்டர் என்று
காகிதத்தில் கட்டம் கட்டமாய் வரைந்துகொண்டிருந்தேன்.
எட்டிப் பார்த்தான்.
"நங்கூரம் விழ டீசல் எதுக்கு?"
கடைசித் திருகும் கழன்றது. போய்விட்டான்.

அன்றே எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன்.
தூக்கி நிறுத்தத்தான் மின்சாரம்.
ஒரு காந்தம் கூடையைப் பிடித்திருக்கும்.
கரண்ட் போனால் காந்தம் கைவிடும்.
நடுவழியில் விழுந்தால்
பழைய குவளைக்கே சறுக்கிப்போக ஒரு தகரச் சரிவு.
பழைய குவளையில் கூடக் கொஞ்சம் ஊறலாம்,
காற்றில் ஊற முடியாது.
மோட்டார், பரமக்குடிப் பழைய இரும்புக் கடையில்.

அஷ்டமிக்கு வந்தாள். ஊசிக்கு முகம் திருப்பவில்லை.
அன்று ராத்திரி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
மூன்றரைக்கு ஊரே இருண்டது.
தடக்.
தெருவில் யாரோ மின்வாரியத்தைத் திட்டினார்கள்.

மறுநாள் வெந்நீரில் மெழுகு நாடா சுருங்காமல் விரிந்தது.
ஐந்து மைக்ரான். மூச்சு விட்டால் மடங்கும்.
கண்ணாடித் தகட்டில் ஏந்தி, நீலமும் ரோஸும் ஏற்றினேன்.
படிப்பது என் வேலை இல்லை,
மதுரையில் டாக்டர் வில்வராணி படிப்பார்.
எழுத்து கலையாமல் கொடுப்பதுதான் என் வேலை.

மார்ச்சில் தணிக்கைக்காரர் பதிவேட்டைப் புரட்டினார்.
கருவியின் பெயர்? கூடை.
தயாரித்த நிறுவனம்? கோடு போட்டேன்.
பழுது என்ற கட்டத்தில்
கச்சான் அடித்த அந்தத் தேதியும்
பக்கத்தில் ஒரு பெயரும் இருந்தன.
யார் இது, மெக்கானிக்கா என்றார்.